வெளிநாட்டு ஏ.டி.எம்.: ரூபாயிலா, டாலரிலா?

அலுவலக வேலையாக முதன்முறை சிங்கப்பூர் சென்றபோது, கைச்செலவுக்கு 300 டாலர் எடுக்க ஏ.டி.எம்.மில் என் டெபிட் கார்டைச் செருகினேன். தொகையைத் தந்தவுடன், "இந்திய ரூபாயில் கழித்துக் கொள்ளலாமா?" என்று திரையில் ஒரு கேள்வி. நம் ஊர்ப் பணத்தில் கணக்குத் தெரிகிறதே என்று மகிழ்ந்து சம்மதம் தந்துவிட்டேன். அறைக்கு வந்து லேப்டாப்பில் கணக்கிட்டபோதுதான் ஏமாந்தது புரிந்தது.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர். டாலரை ரூபாயாக மாற்றும் வேலையை நம் வங்கிக்கு விடாமல், அந்த இயந்திரத்தை நடத்துபவரே தன் விலையில் செய்துவிடுகிறார். கமிஷன் என்று தனியே காட்டாமல், லாபத்தை விலைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இக்கேள்வி வரும்.

இதைக் கண்டுபிடிக்க எக்ஸெல் போதும். ஏ1 செல்லில் அன்றைய சந்தை விலையையும், பி1 செல்லில் அவர்கள் கேட்கும் விலையையும் டைப் செய்திடவும். சி1 செல்லில் =(பி1-ஏ1)/ஏ1*100 எனத் தந்து என்டர் தட்டவும் (செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும்). எத்தனை சதவீதம் கூடுதல் என்பது கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, சந்தை விலை 65 ரூபாய், கேட்கும் விலை 69.55 என்று கொள்வோம். விடை 7 சதவீதம். 300 டாலருக்கு 1,365 ரூபாய் கூடுதல். உங்கள் வங்கி 3.5 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வசூலித்தால் கூடுதல் 805 ரூபாய்தான். ஏ.டி.எம். கட்டணம் இருந்தால் அது தனி.

எனவே, திரையில் "டிக்ளைன் கன்வெர்ஷன்" அல்லது "வித்தவுட் கன்வெர்ஷன்" என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கவும். "டிக்ளைன்" என்றால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம். பணம் வரும், மாற்றும் வேலை மட்டும் உங்கள் வங்கிக்குப் போகும்.

கிளம்பும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு வேலைகளை முடித்திடுங்கள். நெட் பேங்கிங் சென்று கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை இயக்கி வைக்கவும். விசா, மாஸ்டர்கார்டு இணைய தளங்களில் உள்ள கரன்சி கால்குலேட்டரில் அன்றைய விலையைப் பார்த்துக் குறித்துக் கொள்ளவும். அந்த ஓர் எண் பையில் இருந்தால், எந்த இயந்திரமும் உங்களை அவசரப்படுத்த முடியாது.