றங்குப்பெட்டிக்குள் இருந்த தமிழ்

நீர்கொழும்புக்கு வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமம். மக்களின் காணிப் பத்திரங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் பணிக்காக அங்கு சென்றிருந்தேன். சிங்கள இளைஞர் ஒருவர், தமது ஆச்சியின் றங்குப்பெட்டியில் கிடைத்த பழைய காணி உறுதியொன்றை என்னிடம் நீட்டினார்.

"பாதர், இது தமிழில் இருக்கிறது. யாரோ தமிழரிடம் வாங்கிய காணியாக இருக்க வேண்டும்" என்றார்.

வாசித்துப் பார்த்தேன். விற்றவர் மட்டுமல்ல, வாங்கியவரும் தமிழில்தான் கையொப்பமிட்டிருந்தார். வாங்கியவர் அந்த இளைஞரின் பூட்டன்.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அன்று மாலை இருவருமாக ஆச்சியிடம் சென்றோம். எண்பத்தைந்தைக் கடந்தவர். முதலில், "பழைய கதை எதற்கு?" என்று சிங்களத்தில் தட்டிக் கழித்தார். பிறகு என்னைப் பார்த்து, பேரன் ஒருநாளும் கேட்டிராத தமிழில், "பயம்தான் சாமி. பிள்ளையளுக்கு ஒண்டும் வரப்படாதெண்டு விட்டுட்டம்" என்றார். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர் புதிதாக மணமுடித்தவர். வீதியில் தமிழ் பேச வேண்டாமென்று மாமியார் அன்று சொன்னாராம். வீதியில் நின்ற பேச்சு மெல்ல வீட்டிலும் நின்றுபோனது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் ஊடாகப் புத்தளம் வரையான கரையோரத்தில், இன்று தம்மைச் சிங்களவரெனக் கூறும் பல குடும்பங்களின் முன்னோர் வீட்டிலும் கோவிலிலும் தமிழ் பேசியவர்கள். அந்த மாற்றத்துக்கு அச்சம் மட்டுமே காரணமல்ல. 1940 முதல் 1972 வரை சிலாபத்தின் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகையின் காலத்தில், அப்பகுதிக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் தமிழின் இடத்தைச் சிங்களம் பெற்றது. ஆகவே திருச்சபையினராகிய நாமும் இதற்கு வெளியே நின்று பேச முடியாது. 1956 இல் வந்த தனிச்சிங்களச் சட்டத்தின் பின், பிள்ளையின் தொழிலை எண்ணிய பெற்றோருக்கு வேறு வழி தெரியவில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோது, பல வீடுகளில் அதைப் பேச எவரும் இருக்கவில்லை.

இனம் என்பது இரத்தத்தில் எழுதப்பட்டது என்று நம்புவோர் நம் நாட்டையே சற்று உற்றுப் பார்க்கட்டும். பெர்னாண்டோ என்ற பெயர் போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தது. அதைச் சிங்களவரும் தமிழரும் தாங்குகின்றனர். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் சிங்களம் பேசி வாழ்கின்றனர். வாகரைப் பக்கத்து வேடர்கள் தமிழ் பேசுகின்றனர். 1739 முதல் 1815 வரை கண்டியின் அரியணையில் இருந்தவர்களோ தென்னிந்திய நாயக்க வம்சத்தினர்.

அப்படியாயின் அந்த இளைஞர் யார்? "நீ உண்மையில் தமிழன்" என்று அவருக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆச்சியின் மொழியைப் பறித்ததும் பிறர் ஒட்டிய பெயர்தான். இன்னொரு பெயரை நாம் ஒட்டினால் அதே தவற்றையே செய்கிறோம். அவரே சில வாரங்களின் பின் என்னிடம் சொன்னார்: "பாதர், நான் சிங்களவன்தான். ஆனால் தமிழரைப் பற்றிக் கூட்டாளிகள் கேவலமாகப் பேசும்போது இனிச் சிரிக்க முடியாது. அது என் ஆச்சியைப் பற்றிய பேச்சு."

எமது கிராமங்களில் பணிபுரிவோருக்கு ஒரு வேண்டுகோள். முதியவர்களிடம் பொறுமையாகக் கேளுங்கள். அவர்கள் மௌனமாக இருந்தால் அதற்கும் ஒரு காரணம் உண்டு, வற்புறுத்தாதீர்கள். பழைய உறுதிகளையும் விவாகப் பதிவுகளையும் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவை காணியின் எல்லையை மட்டும் காட்டுவதில்லை. மனிதருக்கிடையே நாம் போட்ட எல்லைகள் எவ்வளவு அண்மையில் போடப்பட்டவை என்பதையும் காட்டுகின்றன.

அந்தக் காணிக்கு இப்போது புதிய பத்திரம் கிடைத்துவிட்டது. பழைய உறுதியை இளைஞர் மீண்டும் றங்குப்பெட்டிக்குள் வைக்கவில்லை. மாலையில் ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்து, பூட்டனின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிறார்.