எட்டாத உயரத்தை அளக்கும் கருவிகள்

துருவ ஒளி பெரும்பாலும் தரையிலிருந்து 100 முதல் 300 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றுகிறது. அப்பகுதியின் கீழடுக்கு பலூன்களுக்கு எட்டாதது. செயற்கைக்கோள் நிலைத்துச் சுற்றவும் அங்குள்ள காற்றின் இழுவிசை இடம் தராது. ஆய்வு ராக்கெட் அதனூடே பாய்ந்து நேரடியாக அளந்தாலும், அதற்கு வாய்ப்பவை சில நிமிடங்களே என்பதால், தரையில் நின்றபடி மேலே நடப்பதை அறியும் கருவிகளையே இத்துறை பெரிதும் நம்பியிருக்கிறது.

நார்வேயின் கணிதவியலாளர் கார்ல் ஸ்டோர்மர், தொலைபேசியால் தொடர்புகொண்ட இரு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒளிப்படம் எடுக்கச் செய்து, பின்னணி விண்மீன்களைக் கொண்டு ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டார். காற்றின் வேகத்தை அப்படங்கள் சொல்லா. அதற்கு உதவுவது, அலைநீளத்தில் நேரும் மிக நுண்ணிய மாற்றத்தையும் பிரித்தறியும் ஃபேப்ரி–பெரோ குறுக்கீட்டுமானி. ஆக்சிஜன் அணு உமிழும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் அலைநீளம் எவ்வளவு நகர்ந்துள்ளது என்பதிலிருந்து காற்றின் வேகமும், அவ்வொளியின் நிறமாலைக் கோடு எவ்வளவு அகன்றுள்ளது என்பதிலிருந்து வெப்பநிலையும் கிடைக்கின்றன. கிளர்ச்சியுற்ற அணு இவ்வொளியை உமிழ ஏறத்தாழ இரு நிமிடங்கள் எடுப்பதால், அடர்ந்த கீழடுக்குகளில் அதற்குள் பிற துகள்களோடு மோதி ஆற்றலை இழந்துவிடுகிறது. எனவே சிவப்பு ஒளி தென்பட்டால் அது உயரத்திலிருந்து வருவதென்றே கொள்ளலாம்.

மேகம் மூடினால் இக்கருவிகள் பயனற்றவை. ரேடாருக்கு அத்தடை இல்லை. அயனி மண்டலத்தின், அதாவது மின்னேற்றத் துகள்கள் மிகுந்த மேலடுக்கின், எலக்ட்ரான்கள் வானொலி அலையை மிகச் சிறிதளவே சிதறடிக்கின்றன. அதையும் போதிய திறனுள்ள ரேடாரால் உணரலாம் என்று 1958இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் கார்டன் கணித்தார். எலக்ட்ரான்கள் மிக வேகமாக அலைவதால் திரும்பும் அலை பரந்த அதிர்வெண் பட்டையில் சிதறியிருக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. அதே ஆண்டில் சோதித்துப் பார்த்த கென்னத் பவுல்ஸுக்குக் கிடைத்ததோ மிகக் குறுகிய பட்டை. கனமான அயனிகள் எலக்ட்ரான்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்துவதே காரணம். அந்த எதிர்பார்ப்பு பொய்த்ததால் ஆய்வாளர்களுக்கு இரட்டை ஆதாயம்: குறுகிய பட்டையில் திரண்ட அலையைப் பிடிப்பது எளிதாயிற்று, அதன் வடிவமே அயனிகளின் வெப்பநிலையையும் காட்டிக்கொடுத்தது.

இம்முறையைத் துருவ ஒளிப் பகுதிக்குக் கொண்டுசென்ற ஐஸ்காட் அமைப்பு, நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து அலையை அனுப்பி, ஸ்வீடனின் கிருனாவிலும் பின்லாந்தின் சோடன்கிலாவிலும் கூடப் பெற்றதால், அயனிகளின் திசைவேகத்தை முப்பரிமாணத்தில் கணக்கிட முடிந்தது. ஆனால் அதன் ஆண்டெனாவான 32 மீட்டர் அகல உலோகத் தட்டு மெல்லத் திரும்புவதற்குள் துருவ ஒளி உருமாறிவிடும். ஆகவே நார்வேயின் ஸ்கிபோட்னில் அமையும் ஐஸ்காட் 3டி ரேடாரில் ஏறத்தாழ 10,000 சிறு ஆண்டெனாக்கள் அசையாமல் நிற்க, அவற்றின் அலைகளுக்கிடையே நுண்ணிய கால வேறுபாட்டை மின்னணு முறையில் ஏற்படுத்தி, கதிரின் திசை நொடிப்பொழுதில் மாற்றப்படுகிறது.