பக்கத்துப் பாடசாலை எவ்வளவு தூரம்?

ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கப்படும் அந்தக் கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் எப்போதும் கிராக்கிதான். ஈராக், ரஷ்யா, துருக்கி என்று கடல் கடந்து போகிறது இலங்கைத் தேயிலை. உலகம் இங்கே வரவும் செய்கிறது. 1924இல் பதுளையைத் தொட்ட ரயில் பாதையில், தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில், வெளிநாட்டுப் பயணிகள் கூடாத நாளில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர் புதிதல்லர்.

அடுத்த கிராமத்துச் சிங்களப் பிள்ளைதான் அறிமுகமில்லாதவர்.

இலங்கையில் பாடசாலைகள் பெரும்பாலும் மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து நிற்கின்றன. பதுளை நகரத்துக்குள்ளேயே சரஸ்வதி, தர்மதூத, அல்-அதான் என்று தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனி வாசல்களில் நுழைகிறார்கள். மலையில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். லயத்துப் பிள்ளை தோட்டப் பாடசாலைக்குப் போகும். கிராமத்துப் பிள்ளை விகாரைக்கு அருகிலுள்ள பாடசாலைக்குப் போகும்.

இந்த அந்நியத்தின் விலை ஊவாவுக்குத் தெரியும். 2000 அக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்த கும்பல், அங்கிருந்த தமிழ் இளைஞர்களில் 25க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தங்களுக்குப் பின், தமிழ்மொழிமூல மாணவர் சிங்களத்தையும் சிங்களமொழிமூல மாணவர் தமிழையும் இரண்டாம் தேசிய மொழியாகப் படிக்கிறார்கள். சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை 2008இல் வந்தது. ஆனால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலையில், இரண்டாம் மொழிப் பாடவேளை முதலில் பலியாகிவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சையில் அது விருப்பப் பாடம் மட்டுமே என்பதால் பெற்றோரும் வற்புறுத்துவதில்லை.

பாடப்புத்தகத்துக்கு வெளியே ஊவாவிடம் நல்ல பாடங்கள் உண்டு. மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்தில், தமிழர் முருகன் என்றும் சிங்களவர் கதரகம தெய்யோ என்றும் ஒரே சந்நிதியில் கும்பிடுகிறார்கள். அதே புனித வளாகத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது. தேயிலையும் அப்படித்தான். ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னவில் லிப்டன் தொடங்கிய தொழிற்சாலைக்கு இரண்டு பாடசாலைகளின் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துப் போனால், கொழுந்து போகும் நாடுகளும் அதைப் பறிக்கும் குடும்பங்களின் வரலாறும் ஒரே நாளில் பாடமாகும்.

கொள்கை ஏற்கெனவே இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியவை, அந்தப் பயணத்துக்கு ஒரு பஸ்ஸும், இரண்டு மொழியும் பேசத் தெரிந்த ஓர் ஆசிரியரும், கூட வரும் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடும்தான்.