'டக்' சத்தத்தில் இருக்கிறது டைமிங்

நம்மூர் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் டீசல் வண்டிகள். அவற்றில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனால் 1940களில் அமெரிக்கப் பண்ணைகளில் பெட்ரோல் டிராக்டர்கள்தான் ஏராளம். அவற்றில் பெயர்போனது, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1939 முதல் 1953 வரை தயாரித்த சிவப்பு நிற ஃபார்மால் எச். பழைய வண்டிப் பிரியர்கள் இன்றும் அதைப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். அந்த வேலையில் நுணுக்கமானது டைமிங் வைப்பது, அதாவது பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது.

பொறி விழுந்த கணத்திலேயே சிலிண்டரில் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை முழுதும் எரிந்துவிடாது. பிளக் முனையில் பிறக்கும் சுடர் மறுகோடி வரை பரவச் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். ஃபார்மால் எச் எஞ்சினின் முழு வேகம் நிமிடத்துக்கு 1,650 சுற்று. ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் தண்டு ஏறக்குறைய 10 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தொட்டு, 15 டிகிரி வாக்கில் கீழிறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு இழுவை கிடைக்கும். அதனால், பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே, உச்சிக்குச் சுமார் 35 டிகிரி முன்பே பொறி விழ வேண்டும்.

சிக்கல், வண்டியைக் கிளப்பும்போது. முன்பக்கக் கைப்பிடியைக் கையால் சுற்றும் வேகத்தில், 35 டிகிரி முன்பே பொறி விழுந்தால் பிஸ்டன் உச்சிக்குப் போவதற்குள் கலவை எரிந்து, அதைக் கீழே தள்ளிவிடும். கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு எலும்பு முறியும். பழைய புல்லட்டில் கிக்கர் காலைத் திருப்பி அடிப்பதும் இதனால்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட்டோ, மெதுவாகச் சுற்றினால் வலுவான பொறி தராது.

இரண்டுக்கும் ஒரே தீர்வாக வந்தது, மேக்னெட்டோவின் முகப்பில் உள்ள இம்பல்ஸ் கப்ளிங். மெதுவாகச் சுற்றும்போது அதன் கொக்கி ஒரு தடையில் மாட்டி, மேக்னெட்டோவின் சுழலியை நிறுத்திவைக்கும். உள்ளே சுருள்வில் முறுக்கேறும். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் கொக்கி விடுபட, சுழலி சட்டென்று சுண்டிச் சுற்றும். பொறி தாமதமாகவும் வலுவாகவும் விழும். அப்போது கேட்பதுதான் 'டக்'. எஞ்சின் கிளம்பி வேகமெடுத்ததும் மையவிலக்கு விசையால் கொக்கி தடையில் படாமல் விலகிக்கொள்ள, பொறி தானாகவே 35 டிகிரி முன்னுக்குப் போய்விடும்.

டைமிங் வைப்பதும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான். முதலில், மேக்னெட்டோவுக்குள் திறக்கும்போது பொறி விழச் செய்யும் பாயின்ட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.013 அங்குலமாக, அதாவது சுமார் 0.33 மில்லிமீட்டராகச் சரிசெய்ய வேண்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்கூட்டியே திறந்து, டைமிங்கும் மாறிவிடும். அடுத்து, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை மெல்லச் சுற்ற வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை உச்சிக்கு வரும். பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் குறியும் இரண்டு முறை தென்படும். விரலைக் காற்று தள்ளினால்தான் அது அழுத்த வீச்சு. குறி நேருக்கு வந்ததும் நிறுத்தி, மேக்னெட்டோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதன் உடலை முதலில் சுழலி சுற்றும் திசையில் முழுதும் திருப்பிவிட வேண்டும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிவந்தால், ஓர் இடத்தில் 'டக்' கேட்கும். அங்கேயே போல்ட்டை முறுக்கிவிட வேண்டியதுதான்.

டைமிங் பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். முந்தினால் பாரம் இழுக்கும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்கும். பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டிகளில் பழைய கிரீஸ் இறுகி, கப்ளிங் கொக்கி ஒட்டிக்கொள்வதுண்டு. கைப்பிடியைச் சுற்றியும் 'டக்' கேட்கவில்லையென்றால் பொறி முன்கூட்டியே விழக்கூடும். கப்ளிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அந்த வண்டியைக் கையால் கிளப்பக் கூடாது.