ரேஸ் கிளட்ச் கேட்டு வரும் தம்பிகளுக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

கோவையில் நாம் கார் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் ஆரம்பித்த காலத்தில், கிளட்ச் செட் கேட்டு வருகிறவரிடம் கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு. எந்த வண்டி, எந்த வருடத்து மாடல்? பதில் வந்தால் டப்பாவை எடுத்து வைத்து பில் போட்டுவிடலாம். இப்போது அப்படி முடிவதில்லை. "ரேஸ் கிளட்ச் இருக்குங்களா? லைட் பிளைவீல் கிடைக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டு இளைஞர்கள் வருகிறார்கள். நம் ஊருக்கு இது அதிசயமும் அல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து பார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்த கரிவர்தன் கோவைக்காரர். அவர் 1995இல் மறைந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தயத் தளமும் இருக்கிறது. ஆசை வருவது இயற்கைதான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் விஷயம் தெரியாமல் விற்றால் என்ன நடக்கும் என்பதை நாம் பட்டே தெரிந்துகொண்டோம்.

2018ஆம் வருடம் ஒரு தம்பி பழைய எஸ்டீம் காருக்கு செராமிக் பட்டன் வைத்த கிளட்ச் பிளேட்டும், அழுத்தம் கூடுதலான பிரஷர் பிளேட்டும் கேட்டார். பிளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து எடை குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். நல்ல விலையுள்ள சரக்கு, ரொக்க வியாபாரம். நாம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவருடைய அப்பா கடைக்கு வந்தார். குடும்பத்தோடு குன்னூர் போகக் கிளம்பியிருக்கிறார்கள். மலைப்பாதையில் முன்னால் போன பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று போயிருக்கிறது. இவர்கள் கார் நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் முன்னால் தாவும். கடைசியில் டயருக்குக் கல் வைத்துவிட்டு எல்லோரும் இறங்கி நின்றிருக்கிறார்கள்.

"ஏனுங்ண்ணா, சின்னப் பையன் கேட்டான்னு எடுத்துக் கொடுத்துட்டீங்களே, எந்த ரோட்டுல ஓட்டப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதுங்களா?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. சாதாரண செட்டும் ஒரு பிளைவீலும் கொடுத்து, பழைய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். நஷ்டம் நம்முடையதுதான்.

பிறகுதான் விவரம் தெரிந்த மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து கேட்டோம். முதலாவது, கிளட்ச் மாற்றுவதால் காரின் சக்தி கூடாது. எஞ்சின் தரும் முறுக்கு விசையை நழுவாமல் கியர் பாக்ஸுக்குக் கொண்டு சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. எஞ்சினில் வேலை செய்து விசையைக் கூட்டியிருந்தால்தான் பழைய கிளட்ச் போதாமல் போகும். சந்தேகம் இருந்தால் காலியான ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பார்க்கச் சொல்லலாம். எஞ்சின் சுற்று ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் நழுவுகிறது என்று அர்த்தம். அதுவும் ஆயில் சீல் ஒழுகி பிளேட்டில் எண்ணெய் படிந்ததாலோ, கேபிளில் விளையாட்டு இல்லாததாலோ இருக்கலாம். அதைச் சரி செய்யாமல் ரேஸ் பிளேட் போட்டு என்ன பயன்?

பிரஷர் பிளேட்டின் அழுத்தம் 20 சதவீதம் கூடினால், அதே லைனிங்கில் கிளட்ச் தாங்கும் விசையும் 20 சதவீதம் கூடும். கூடவே பெடலும் கனக்கும், ரிலீஸ் பேரிங் சீக்கிரம் தேயும், கிராங்க் ஷாப்டின் திரஸ்ட் வாஷருக்கும் பாரம் ஏறும். செராமிக் பட்டன் சூட்டைத் தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். அரைக் கிளட்சில் நகர்த்தவே முடியாது. காந்திபுரம் நெரிசலில் அரைக் கிளட்ச் இல்லாமல் யார் வண்டி ஓட்டுவது? ரோட்டு வண்டிக்கு நல்ல ஆர்கானிக் லைனிங் பிளேட்டும், வேண்டுமானால் சற்றே அழுத்தம் கூடிய கவரும் போதும்.

பிளைவீல் விஷயம் வேறு. அதன் கனம்தான் எஞ்சின் துடிப்பை அடக்கி, கிளம்பும்போது அணையாமல் காக்கிறது. கனம் குறைந்தால் எஞ்சின் சட்டென்று சுற்று ஏறும், சட்டென்று இறங்கும். பந்தயத் தளத்தில் கியர் மாற்றும்போது இது லாபம். முதல் கியரில் நன்றாகத் தெரியும், டாப் கியரில் அநேகமாகத் தெரியாது. விளிம்பில் ஒரு கிலோ எடுப்பது, நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தில் ஒரு கிலோ எடுப்பதைப் போல 4 மடங்கு பலன் தரும். அதனால்தான் லேத்தில் விளிம்பையே கடைகிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கம்பெனி பிளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. 6000 சுற்றில் இருந்து 7500க்கு ஏற்றினால் உள்ளே இழுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. கடைந்து மெலிந்த வார்ப்பிரும்பு அங்கே வெடித்தால், துண்டுகள் கிளட்ச் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு ஓட்டுநரின் கால் பக்கமே வரக்கூடும். நாம் திரும்ப எடுத்த பிளைவீலில் ரிங் கியர் உட்காரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தது. அதைப் பார்த்த அன்று நமக்குத் தூக்கம் வரவில்லை. நாம் விற்காத வேலைதான் என்றாலும், சொல்லக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தோமே. எடை குறைந்த பிளைவீல் வேண்டுமென்றால் அதற்கென்றே ஸ்டீலில் செய்து, பாலன்ஸ் பார்த்து வருவதை வாங்க வேண்டும். விலை அதிகம்தான். லேத்தில் கொடுக்கப் போகிறேன் என்று சொல்கிறவருக்கு நாம் இப்போது பிளேட்டும் விற்பதில்லை.

இன்னொன்று. இப்போதைய டீசல் கார்கள் பலவற்றில் இரட்டை எடை பிளைவீல் வருகிறது. உள்ளே ஸ்பிரிங் வைத்து எஞ்சின் அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும். விலைக்கு அஞ்சி ஒற்றைப் பிளைவீலாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. மாற்றினால் அந்த அதிர்வு முழுவதும் கியர் பாக்ஸுக்குப் போகும் என்பதைச் சொல்லிவிட்டு விற்பது நல்லது.

அந்தத் தம்பி இப்போதும் நம் வாடிக்கையாளர். எஸ்டீமைத் தளத்துக்கென்றே ஒதுக்கிவிட்டார். ஸ்டீல் பிளைவீல் போட்டு, டிரெய்லரில் ஏற்றித்தான் செட்டிபாளையத்துக்குக் கொண்டு போகிறார். வீட்டுக்கு வேறு கார்.

புதிய செட் போட்டவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிளைவீல் முகத்தைச் சமப்படுத்தி, எண்ணெய்க் கை படாமல் துடைத்து மாட்டவேண்டும். முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டி லைனிங் படிய விடவேண்டும். அன்றைக்கே தளத்துக்குக் கொண்டு போய் எரித்துவிட்டு, "சரக்கு சரியில்லீங்க" என்று மறுநாள் காலையில் வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள்.