மாண்டிசோரி ஆசிரியை ஆவதற்கு முன்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பழமொழி. பிள்ளைகளை இளமையிலேயே நல்வழிப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் உள்ளது. ஆனால் வளைப்பது மட்டுந்தானா கல்வி? செடி தானே நிமிர்ந்து வளர, அதற்கு வேண்டிய மண்ணையும் நீரையும் வெளிச்சத்தையும் ஆயத்தம் செய்துவிட்டுச் சற்று விலகி நின்று கவனிப்பதும் கல்விதான். இதனைச் செயலில் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும் மாணவியரில் சிலரும், நம் மாணவியரின் தாய்மார்களில் சிலரும், "வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே மாண்டிசோரி ஆசிரியைப் பயிற்சி பெறலாமா? அதற்கு எப்படி ஆயத்தமாவது?" என்று கேட்பதுண்டு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரு முழு ஆண்டை வருமானமின்றிப் படிப்புக்கென ஒதுக்கக்கூடிய குடும்பங்கள் குறைவு. ஆகவே பகுதிநேரப் பயிற்சி பலருக்கு ஏற்ற வழியாகும். ஆனால் பயிற்சியின் முதல் வகுப்புக்கு முன்னரே நம்மை நாம் ஆயத்தம் செய்துகொள்ளத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

நம் பேட்டையைப் போன்ற ஒரு பேட்டை

மாண்டிசோரி கல்வி என்றதும் வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில் உள்ள அழகிய பள்ளிகளே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அக்கல்வி பிறந்த இடமோ வேறு. இத்தாலியில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-இல் பிறந்த அம்மையார் மருத்துவம் பயின்றவர். அவர் 1907 ஜனவரி 6-ஆம் நாள் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் பகுதியில் திறந்தார். இரயில் பாதையை ஒட்டி அமைந்த தொழிலாளர் குடியிருப்பு அது. தாய் தந்தையர் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளிலும் முற்றத்திலும் நாள் முழுவதும் திரிவார்கள்; சுவரைக் கீறுவார்கள். அப்பிள்ளைகளை வைத்துக்கொள்வதற்காகவே குடியிருப்பின் உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கினர்.

1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தையும், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளையும், ஆலைகளில் முறை மாற்றி வேலை செய்யும் பெற்றோரையும், அதிகாலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் தாய்மார்களையும் அறிந்த நமக்கு, சான் லொரென்சோ அந்நிய ஊராகத் தோன்றாது. ஆகவே, "இது நம் போன்றோருக்கு உரியதா?" என்ற தயக்கத்தை முதலில் விட்டுவிடுவோம்.

அருட்சகோதரிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1908 டிசம்பர் 28-இல் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏறத்தாழ 60 பேரை ரோமாபுரியில் உள்ள மரியாயின் பிரான்சிஸ்கு மறைபரப்பு சபைச் சகோதரிகள் தம் மடத்தில் ஏற்றுக்கொண்டனர். அங்கும் ஒரு குழந்தைகள் இல்லம் அமைந்தது. அச்சத்தால் பேச்சற்றும் உறக்கமற்றும் இருந்த அப்பிள்ளைகள், பூ அடுக்குவது, மேசை ஒழுங்கு செய்வது, தோட்டத்தைப் பேணுவது போன்ற அமைதியான வேலைகளால் மெல்ல மெல்லத் தேறினர்.

நம் மாநிலத்தில் உருவான பாடமுறை

அம்மையார் 1939 நவம்பரில் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் திருமதி ருக்மிணி தேவியும் அவரை வரவேற்றனர். அங்கு நடந்த முதல் பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவ்விருவரும் பகைநாட்டினர் ஆகிவிட்டனர். மரியோ அகமத்நகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய 70-ஆம் பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அங்கே ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பழகி, மலைச் செடிகளையும் பூச்சிகளையும் பாறைகளையும் அவர்களோடு ஆராய்ந்தபோது, தொடக்கநிலைப் பாடமுறை முழு உருவம் பெற்றது. உலகிலுள்ள யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு என்று காட்டும் அம்முறையை அம்மையார் 'பிரபஞ்சக் கல்வி' என்றார். 1952 மே 6-இல் ஆலந்து நாட்டில் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் பயிற்சி மாணவியர் கற்கும் தொடக்கநிலைப் பாடங்களில் தமிழ்நாட்டு மண்ணின் மணம் உண்டு என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

பயிற்சியில் என்ன இருக்கும்?

மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கான பயிற்சி வேறு, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கான தொடக்கநிலைப் பயிற்சி வேறு. சிறு குழந்தை கைபட்டதையெல்லாம் உள்வாங்கிக்கொள்கிறது. ஆறு வயதைக் கடந்த பிள்ளையோ "ஏன்? எப்படி?" என்று கேட்கிறது; கூட்டம் சேர்கிறது; நியாயம் பேசுகிறது; காணாததைக் கற்பனை செய்கிறது. ஆகவே உலகத்தின் தோற்றம், உயிர்களின் வருகை, மனிதனின் வருகை, எழுத்தின் கதை, எண்ணின் கதை என்னும் ஐந்து பெருங்கதைகளோடு பாடம் தொடங்குகிறது.

கருவிகளும் உண்டு. ஒரு மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிகளாலான சதுரம், ஆயிரம் மணிகளாலான கனசதுரம் ஆகியவற்றைக் கையில் தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு, ஒன்றுக்கும் ஆயிரத்துக்கும் உள்ள தொலைவு கையிலேயே தெரிந்துவிடும். உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையில் ஒன்றை மாற்றி வைத்தால், கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். "தவறு" என்று ஆசிரியை சொல்லத் தேவையில்லை.

பயிற்சி பெறுபவர் விரிவுரை கேட்க வேண்டும். ஒவ்வொரு கருவியையும் தாமே பழக வேண்டும். பாடம் கொடுக்கும் முறையைப் படங்களுடன் எழுதித் தமக்கெனப் பெரிய குறிப்பேடுகள் தயாரிக்க வேண்டும். பள்ளிகளில் அமர்ந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். மேற்பார்வையில் பாடம் நடத்த வேண்டும். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் எழுத வேண்டும். பகுதிநேரம் என்பதால் இவை குறைவதில்லை. மாலைகளிலும் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் பரவி நிற்கும், அவ்வளவே.

எப்படி ஆயத்தமாவது?

முதலாவது, கண்ணைப் பழக்குதல். வாரம் ஒரு முறை அரைமணி நேரம், தம்பி தங்கையரையோ அண்டை வீட்டுப் பிள்ளையையோ பேசாமல் கவனிப்போம். கண்டதை மட்டும் எழுதுவோம். "சோம்பேறிப் பிள்ளை" என்று எழுதலாகாது. அது நம் தீர்ப்பு. "நான்கு நிமிடம் பென்சிலை உருட்டியது, ஜன்னலைப் பார்த்தது, பிறகு ஒரு வரி எழுதியது" என்று எழுதுவோம். சில வாரங்களில், பிள்ளை எப்போது தன்னை மறந்து ஒரு வேலையில் ஆழ்கிறது என்பது நமக்குப் புலப்படத் தொடங்கும். அவ்வேளையில் குறுக்கிடாமலிருக்கக் கற்றுக்கொள்வதே மாண்டிசோரி ஆசிரியையின் முதற்பாடம். உதவி செய்யத் துடிக்கும் கையை அடக்குவது கடினமே. எனவே இப்போதே பழகுவோம்.

இரண்டாவது, கையைப் பழக்குதல். தெளிவான கையெழுத்து, அட்டையை நேராக வெட்டுதல், வண்ணம் தீட்டுதல், தைத்தல் ஆகியவை மிகவும் உதவும். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பையிலிட்டு நூறாக்கிப் பாருங்கள். பாட்டிமாரின் பல்லாங்குழியே ஒரு நல்ல கணக்குக் கருவி என்பது அப்போது விளங்கும்.

மூன்றாவது, பாட அறிவு. பின்னம், வடிவகணிதம், தாவரம், நிலவியல், வரலாறு ஆகியவற்றைப் பள்ளிப் பாடநூல்களிலிருந்தே மீண்டும் படிப்போம். பெரும்பாலான பயிற்சிகள் ஆங்கிலத்தில் நடப்பதால் நாள்தோறும் சிறிது ஆங்கிலம் படிப்பது நன்று. அதே வேளையில் தமிழ் இலக்கணத்தையும் கைவிடலாகாது. மாண்டிசோரி முறையில் பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம் என்று அடையாளங்கள் உண்டு. ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்பது தமிழில் "கடலிலிருந்து" என்பதுபோல் பெயரோடு ஒட்டி வரும். நம் தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி எனச் சொற்களை நான்காக வகுக்கிறது. எந்தச் சொல்லுக்கு எந்த அடையாளம் என்று தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் சிந்திக்க வேண்டியவர்கள் நாமே.

நான்காவது, நம் ஊரைக் கற்றல். இதனைச் சற்று விரித்துச் சொல்வோம். "ஏன் டீச்சர், நம்ம கரையில் மட்டும் இவ்வளவு பாறாங்கல் கொட்டியிருக்காங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வோம்? சென்னைத் துறைமுகம் இயற்கைத் துறைமுகமன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திறந்த கடலுக்குள் சுவர்களை நீட்டிக் கட்டினார்கள். 1881-இல் வீசிய புயல் அவற்றைச் சேதப்படுத்த, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து, இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. அதைத் தடுக்கவே பாறைகள்.

இதனை விரிவுரையாகச் சொல்ல வேண்டியதில்லை. நீளமான தட்டில் மணலைக் கரைபோல் பரப்பி, குறுக்கே ஒரு மரச்சட்டத்தை நட்டு, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகச் சிற்றலைகளை எழுப்பச் செய்தால், பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். பிறகு அவர்களே கரைக்குச் சென்று பார்க்கவும், பெரியவர்களைக் கேட்டறியவும் விரும்புவர். இவ்வாறு வகுப்பறையை விட்டு வெளியே சென்று அறிவது தொடக்கநிலைப் பாடமுறையின் ஓர் அங்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர் வலையும் படகும் கறுத்தன. தொழிற்சாலை, ஆறு, அலையாத்தி மரம், மீன், வலை, வீட்டுச் சோறு ஆகிய யாவும் ஒரே சங்கிலி என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல, இப்பகுதியை அறிந்த ஆசிரியையைவிடத் தகுதியுடையவர் யார்?

சேரும் முன் கேட்க வேண்டியவை

'மாண்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதி வைக்கிறார்கள். ஆகவே கட்டணம் செலுத்துமுன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பயிற்சி தருபவர் எங்கே பயின்றார்? சான்றிதழ் வழங்குவது யார்? 1929-இல் அம்மையார் தொடங்கிய பன்னாட்டு மாண்டிசோரி சங்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா? கருவிகளைக் கையால் பழக எத்தனை மணி நேரம்? மேற்பார்வையில் பாடம் நடத்த எத்தனை வாரம்? சிறு குழந்தைகளுக்கான பயிற்சி பெறாதவர்கள் முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டுமா? தொடக்கநிலைப் பயிற்சி எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் நடப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். மாண்டிசோரி சான்றிதழ் மட்டும் இருந்தால் அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ தொடக்க வகுப்பு ஆசிரியை ஆகிவிட முடியாது. அதற்கு அரசு ஏற்ற தொடக்கக் கல்விப் பட்டயமும் தகுதித் தேர்வும் வேண்டும். மாண்டிசோரி பள்ளியில் பணியா, அரசு ஏற்ற பணியா, இரண்டுமா என்பதை வீட்டாருடன் அமர்ந்து முன்னரே முடிவு செய்யுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் பிறகு கண்ணீராகக் கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் வேலைக்குச் சென்று மாலையில் பயிற்சிக்குப் போகும் பெண் இரவில் குறிப்பேடு எழுத வேண்டும். ஒரு மேசையும் ஒரு விளக்கும் இரண்டு மணி நேர அமைதியும் அவளுக்கு வேண்டும். அடுப்படி வேலையை அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொண்டால் அவை கிடைத்துவிடும்.

மாணவியரே! பயிற்சியில் சேர ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். பணம் சேரக் காத்திருக்க நேரலாம். ஆனால் ஒரு சிறு குறிப்பேடு வாங்கவும், தெருவில் விளையாடும் ஒரு பிள்ளையை அரைமணி நேரம் பொறுமையுடன் கவனிக்கவும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. அதை இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.