ராஃப்டிங் போக பிளானா? ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி கனஅடி கணக்கைப் பாருங்க!

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் வெள்ளப் படகுச் சவாரிக்குத் திட்டம் போட்டால், வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் ஓடுவது லீவு, வண்டி, ரூம், பட்ஜெட் பற்றிய பேச்சுதான். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், சில நேரம் வருவதே இல்லை. ஆனால், பயணம் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு கணக்குதான்.

எங்கே போகலாம்?

உள்ளூரில் ஓடும் தென்பெண்ணை இதற்கு உதவாது. கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

பக்கத்தில் இருப்பது தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல். ஆனால் அங்கே ஓடுவது பரிசல், ராஃப்ட் அல்ல. மூங்கில் பின்னலில் செய்த வட்டமான பரிசலை ஒரே துடுப்பால் பரிசல் ஓட்டி செலுத்துவார். நீங்கள் உட்கார்ந்து வந்தால் போதும்.

காற்றடைத்த ரப்பர் படகில் நீங்களே துடுப்புப் போட வேண்டும் என்றால், எல்லை தாண்டி கர்நாடகாவுக்குள் போக வேண்டும். குடகு மாவட்டத்தின் பாரபோளே ஆறு பருவமழையை நம்பியது, ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சீசன். தண்டேலியில் ஓடும் காளி ஆறு வேறு மாதிரி. அங்கே சூபா அணையில் இருந்து திறக்கும் நீரை நம்பித்தான் படகு ஓடுகிறது, மழைக்காலம் முடிந்த பிறகே சவாரிக்கு ஏற்ற காலம். ஆக, ஒரே மாதத்தில் ஒரு ஆறு திறந்திருக்கும், இன்னொன்று மூடியிருக்கும்.

'கிரேடு' என்றால் என்ன?

ஆற்றின் வேகச் சரிவுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் லேசான சலசலப்பு. 3 என்றால் பெரிய அலைகள், வழிகாட்டி கட்டாயம். 5 தேர்ந்தவர்களுக்கு மட்டும். 6 உயிருக்கே ஆபத்து. முதல் முறை போகிறவர்களுக்கு 2 அல்லது 3 போதும்.

ஆனால் இந்த எண் நிலையானது அல்ல. தண்ணீர் ஏறினால் அதே இடத்தின் கிரேடும் ஏறும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். போன மாதம் நண்பர் போட்ட ரீல்ஸைப் பார்த்து இந்த மாத ஆற்றை எடை போடக் கூடாது என்பது இதனால்தான்.

கனஅடியை எப்படிப் படிப்பது?

கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரி நீரை அளக்கிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடகா ஆண்டுக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சி நீரும் இங்கேதான் கணக்கிடப்படுகிறது. செய்திகளில் வரும் 'ஒகேனக்கல் நீர்வரத்து' எண்ணையும் அரசியல் செய்தியாக மட்டும் கடந்துவிடாதீர்கள், அது உங்கள் பயணச் செய்தியும்கூட.

விநாடிக்கு 1 கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். 10,000 கனஅடி என்றால், ஒவ்வொரு நொடியும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் சுமார் 24 காலியாவதற்குச் சமம். 2022 ஆகஸ்டில் இந்த நீர்வரத்து 2 லட்சம் கனஅடியைத் தாண்டியது. நீர்வரத்து கூடும்போது தர்மபுரி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை போடும்.

கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் திறந்த தண்ணீர் உடனே எல்லைக்கு வந்துவிடாது. இங்கே வெயில் அடித்தாலும், வயநாட்டிலும் குடகிலும் கொட்டிய மழை அணைகள் வழியாகப் பிறகு வந்து சேரும். அதனால் வார இறுதிப் பயணத்துக்கு, புதன்கிழமையே அணைகளின் நீர்த்திறப்புச் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

கரையில் என்ன கேட்க வேண்டும்?

* லைஃப் ஜாக்கெட் உடம்போடு இறுக்கமாக இருக்கிறதா? தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறினால், வேறு அளவு கேளுங்கள்.
* ஹெல்மெட், வீசும் கயிறு, கூடவே வரும் மீட்பு கயாக் உண்டா?
* இன்றைய நீர்மட்டம் என்ன? எந்த அளவுக்கு மேல் போனால் சவாரியை நிறுத்துவார்கள்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் ஏறாதீர்கள். மது அருந்தியவர்களையும் ஏற்ற வேண்டாம்.

தண்ணீரில் விழுந்தால் நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரோட்டம் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து மிதந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, விரல்கள் மேலே தெரியும்படி வைத்திருங்கள்.

ரத்து செய்வதும் பிளான்தான்

2015 ஏப்ரலில் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து சுற்றுலா வந்த 6 பேர் உயிரிழந்தனர். அது வெள்ளக் காலம் அல்ல, கோடைக்காலம்.

ஆபத்தான முடிவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே வசனம்தான் இருக்கும்: "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பார்த்துக்கலாம்." ஷிப்ட் மாற்றி லீவு வாங்கி, அட்வான்ஸ் கட்டி, ஓசூரில் இருந்து சுமார் 500 கிலோமீட்டர் தாண்டி தண்டேலி போன பிறகு திரும்பி வர யாருக்கும் மனசு வராது. அதனால் அந்த முடிவை வீட்டில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் புக்கிங்கைத் தேர்ந்தெடுங்கள். படகு ஓடாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருங்கள். குரூப்பில் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும், கிண்டல் செய்யாமல் அவரைக் கரையில் விட்டுவிடலாம் என்று முன்பே பேசி முடியுங்கள்.

அட்வான்ஸ் தொகையை அடுத்த சம்பளத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆறும் அடுத்த சீசனில் அங்கேயேதான் ஓடும்.